குசினி இல்லாத அறை: சிங்கப்பூரில் அக்காவோடு ஐந்து நாள்

போன நவம்பரில் அக்காவுக்கு அவுஸ்திரேலிய விசா இரண்டாம் முறையும் மறுக்கப்பட்டது. வந்தால் திரும்பிப் போகமாட்டார் என்ற சந்தேகமாம். அக்கா வவுனியாவில் ஆசிரியை, நாற்பத்தொன்பது வயது, வீட்டில் மூன்று ஆடுகள். அந்த ஆடுகளுக்காகவாவது திரும்பிப் போயிருப்பார். கோபத்தில் இரண்டு நாள் நான் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பிறகு இங்கே சிட்னியில், பென்டில் ஹில் மளிகைக் கடையில் ஒரு அன்ரிதான் வழி சொன்னார். "தம்பி, ஏன் மினக்கெடுறீர்? சிங்கப்பூருக்குக் கூப்பிடும். அதுக்கு எங்கடை இலங்கைப் பாஸ்போட்டுக்கு முதலே விசா எடுக்கத் தேவையில்லை. நாங்கள் அண்ணையை அங்கைதான் பாத்தனாங்கள்."

அப்படித்தான் 2007 ஏப்ரலில் புறப்பட்டேன். மனைவிக்கு லீவு இல்லை, பிள்ளைகளுக்கு வேறு அலுவல், ஆகவே தனியே. 1988இல் படிக்க வந்த பிறகு அக்காவை நான் கண்டதில்லை. பத்தொன்பது வருடம். இதேமாதிரி நடுவழியில் உறவுகளைச் சந்திக்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நடுவழி என்கிறோமே தவிர, அது நடு இல்லை. சிட்னியிலிருந்து சிங்கப்பூர் 6,300 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலப் பறப்பு. கொழும்பிலிருந்து 2,700தான். எனக்கு டிக்கெட் 870 டொலர். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் காலைச் சாப்பாட்டோடு ஒரு ஹொட்டேல் அறை, நாளுக்கு 95 சிங்கப்பூர் டொலர். நல்ல அறை என்றுதான் அப்போது நினைத்தேன்.

நான் முதல் நாளே போய்விட்டேன். அக்காவின் விமானம் காலை 6.40க்கு இறங்கியது. வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நடந்துபோனார். தலைமயிர் உள்ள தம்பியைத் தேடியிருக்கிறார். "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, "ஐயோ, வழுக்கை விழுந்திட்டுதே" என்று அழத் தொடங்கினார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

விமான நிலையத்திலிருந்து இருபது கிலோமீற்றர், டாக்சியில் இருபத்தைந்து நிமிடம், பத்தொன்பது டொலர். சாரதி அந்த ஊர்த் தமிழர். "அக்கா எங்கேருந்து, நீங்க எங்கேருந்து?" என்று கேட்டார். சொன்னேன். "இந்த மாதிரி நெறைய பேர ஏத்தியிருக்கேன்ணே. ஏர்போர்ட்ல அழுவாங்க. வண்டில ஏறினா என்ன பேசுறதுன்னு தெரியாது" என்றார். நான் மீற்றரையும் அக்கா வெளியேயும் பார்த்துக்கொண்டு போனோம்.

அதற்கு என்னிடம் மருந்து இருந்தது. அரை மணித்தியாலக் கணக்கில் ஐந்து நாளுக்கும் அட்டவணை தட்டெழுதிக் கொண்டுபோயிருந்தேன். முதல் நாள் சிங்கத்தலை மீன் சிலை, ஆற்றுப் படகு, ஓர்க்கிட் தோட்டம். இரண்டாம் நாள் கேபிள் கார், தீவு, மீன்காட்சிச் சாலை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான், குறை சொல்லமாட்டேன். எதைக் காட்டினாலும் அக்கா, "ஓம், வடிவாயிருக்கு" என்றார். நான் கட்டடங்களின் உயரம் சொல்லிக்கொண்டு நடந்தேன். பத்தொன்பது வருடம் ஏங்கிக் கிடந்தவன், அக்காவுக்கு வழிகாட்டி வேலை பார்த்தேன்.

மூன்றாம் நாள் ஒன்பது மணிக்குப் பறவைப் பூங்கா. அக்காவின் கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டிலில் இருந்தபடி சூட்கேசைத் திறந்தார். உடுப்பு கொஞ்சம். மிச்சமெல்லாம் வறுத்த மா, சத்துமா, மிளகாய்த்தூள், காயவைத்த பனங்கிழங்கு ஒடியல்.

"தம்பி, குசினி எங்கை?"

"ஹொட்டேலிலை ஏது அக்கா குசினி? கீழைதான் சாப்பாடு இருக்கெல்லோ."

"அஞ்சு நாளும் உனக்குச் சமைச்சுத் தரலாமெண்டுதானே வந்தனான். கிளி பாக்கவே வந்தனான்?"

"முதல் நாளே கேட்டிருக்கலாமே."

"எங்கை கேக்கிறது? நீ அந்தப் பேப்பரை விட்டுக் கையெடுத்தால்தானே."

வெட்கமாகிவிட்டது. பத்து நிமிட நடையில் தேக்காச் சந்தை. ஓடிப்போய்த் தேங்காய்ப்பூவும் சீனியும் வாங்கிவந்தேன். அறையில் இருந்த கேத்திலில் தண்ணீர் கொதித்தது. அக்கா தேநீர்க் கோப்பையில் சத்துமாவைப் போட்டு, சுடுநீர் தெளித்து, விரலால் குழைத்து, உருண்டை பிடித்துக் கையில் தந்தார். அந்த நகரத்தில் எத்தனையோ சாப்பிட்டேன். நினைவில் நிற்பது இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் பேச்சு வந்தது. "உன்ரை வீடு எப்பிடி, ஒருக்காக் கீறிக் காட்டு" என்றார். அட்டவணையைப் பிரட்டிப் பின்பக்கத்தில் கீறினேன். வாசல், கூடம், குசினி. "அடுப்புக்குப் பக்கத்திலை குளிர்ப்பெட்டி வைச்சிருக்கிறாய், அதை மாத்து" என்றார். பிள்ளைகளின் அறைகள் எவை என்று கேட்டார். கடைசியாக, "நான் வந்தால் எனக்கு எந்த அறை?" என்றார்.

"முன் அறை" என்றேன். எங்கள் வீட்டில் முன் அறை என்று ஒன்று இல்லை. கீறிவிட்டேன்.

"ஜன்னல் இருக்கே?"

"ஓம். கிழக்குப் பக்கம்."

அக்கா அந்தச் சதுரத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாங்கள் சந்தையைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

கடைசி நாள் நான் பெட்டி அடுக்கத் தொடங்க, "விலத்து, உனக்கு அடுக்கத் தெரியாது" என்று தள்ளிவிட்டார். 1988இலும் என் பெட்டியை அவர்தான் அடுக்கினார். மிஞ்சிய மா, தூள் எல்லாம் என் உடுப்புகளுக்கிடையில் போயின. பிற்பகல் அவர் விமானம், ஒன்றரை மணித்தியாலம் கழித்து என்னுடையது. விமானம் ஏறும் வாசலில் திரும்பி, "குளிர்ப்பெட்டியை மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிட்னியில் இறங்கி, சுங்கப் படிவத்தில் சாப்பாட்டுப் பொருள் உண்டென்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி பெட்டியைத் திறந்தார். பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று கேட்டார். இல்லை, அக்கா என்றேன். அவர் கூட வந்திருக்கிறாரா என்றார். அவருக்கு விசா கிடைக்கவில்லை என்றேன். அதிகாரி பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். எனக்கே தெரியாமல் கைக்குட்டையில் முடிந்திருந்த முருங்கை விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். கிழக்கு ஜன்னலுக்குக் கீழே ஊன்றத்தான் அக்கா வைத்திருப்பார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குசினி உள்ள இடமாகப் பாருங்கள், நாளுக்கு முப்பது டொலர் கூடினாலும் பரவாயில்லை. அட்டவணை வேண்டாம். சாப்பாட்டுப் பொருளை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். விதை கொண்டுவராதீர்கள். கையில் ஒரு வெறும் துணிப்பை வைத்திருங்கள். அதிகாரி வெளியே எடுத்து வைத்ததை நான் மூன்று தரம் திரும்ப அடுக்கிப் பார்த்தேன். அக்கா அடுக்கிய பெட்டி எனக்கு மூடவில்லை.