நெற்றியில் இரண்டு சுழி

என் தங்கை இசக்கிசெல்வியைப் பற்றி யார் கேட்டாலும் நான் அந்த நாயிலிருந்துதான் தொடங்குவேன். செம்பூரிலிருந்து பிரேமலதா என்று ஓர் அம்மா, தன் நாயின் முகத்தைத் தோல் பையில் செதுக்கித் தரச் சொல்லிப் படம் அனுப்பியிருந்தார். புசுபுசுவென்று முடி வைத்த நாய். கண்ணையும் மூக்கையும் இவள் பிரமாதமாகச் செதுக்கிவிட்டாள். அந்த அம்மா பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "நாய் நல்லாருக்கு. அது மேல ஏன் பாயைச் சுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அது பாய் இல்லை, முடி.

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய சந்தில் பர்ஸ், பெல்ட், பை என்று எங்களுக்குச் சின்னக் கடை. கணேசபாண்டியன், அதாவது நான், கத்துகிற சத்தத்தை வைத்தே வீட்டு அடையாளம் சொல்லலாம் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். இசக்கி எங்களுக்கு ஜிப் தைப்பவள். செதுக்குவதைப் போனில் வீடியோ பார்த்துத் தானாகப் படித்துக்கொண்டாள்.

"ஏட்டி, சுண்ணாம்புல ஊறப்போட்டு, முடிய எல்லாம் சுரண்டி எடுத்துட்டுத்தான் நமக்குத் தோல விக்கான். நீ எதுக்கு மெனக்கெட்டுத் திரும்ப முடிய நடுத?"

"நட்டுட்டா என்ன செய்வ?"

"நடு, பாப்போம். இன்னொரு உருப்படி திரும்பி வந்துச்சுன்னா, செதுக்குற பேச்சே இருக்கப்பிடாது. ஜிப்பு மிசினோட கிட."

"சரிண்ணே," என்றாள். அவள் முகம் சுண்டிப்போனது. ஜிப் தைக்கும்போது என் கை மட்டும்தான் இங்கே இருக்கிறது, செதுக்கும்போதுதான் முழு ஆளாக இருக்கிறேன் என்று ஒருமுறை அவள் சொல்லியிருக்கிறாள். அது தெரிந்துதான் சொன்னேன். கோபக்காரனுக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று நன்றாகத் தெரியும்.

அந்த வாரமே வானமாமலை அண்ணாச்சி வந்தார். ஐரோலியில் லாரி ஓட்டுகிறவர், தாணேயில் புதுவீடு கட்டியிருக்கிறார். நாங்குநேரிப் பக்கம் அவருடைய அண்ணன் வீட்டில், மாட்டுவண்டிப் பந்தயத்தில் ஓடுகிற, வெளுத்த சாம்பல்நிற மயிலைக்காளை ஒன்று உண்டு. அதன் முகத்தைப் பெரிய தோலில் செதுக்கிப் புதுவீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டுமாம். "முடி ஒண்ணொண்ணாத் தெரியணும் தம்பி," என்றார். முடியாது என்று நான் வாய் திறப்பதற்குள், "ஆகட்டும் அண்ணாச்சி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆகட்டும் என்று சொல்லிவிட்டாளே தவிர, கையில் ஆயுதம் ஒன்றும் இல்லை. ஆன்லைனில் வரவழைத்த பல்வைத்த கத்திதான் நாய்க்குப் பாய் சுற்றியது. பல்லெல்லாம் ஒரே உயரம், ஒரே இடைவெளி. இழுத்தால் கோடுகள் வரிசையில் நிற்கும். ஊசிகளை ஒன்றாகக் கட்டி இழுத்துப் பார்த்தாள், தோல் பிறாண்டிக்கொண்டது. பல் டாக்டர் பல் சுரண்டுகிற கொக்கி ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்தாள். அதில் முடி முடியாகத்தான் போட முடியும். காளையின் ஒரு காது முடிவதற்குள் அண்ணாச்சியின் புதுவீடு பழைய வீடாகிவிடும்.

அப்புறம் ஒருநாள் அடுத்த சந்தில் ஆட்டோ ரிப்பேர் செய்யும் அப்ராரிடம் போய், உடைந்த வைப்பருக்குள் இருக்கும் எஃகுப் பட்டையைக் கேட்டு வாங்கி வந்தாள். மெல்லிசு, ஆனால் வளைத்தால் நிமிர்ந்துகொள்ளும். நுனியில் சின்ன அரத்தால் ராவி ராவிப் பல் வைத்தாள். ஈரத்தோலில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுவும் பாய்தான். ஆனா நைஸ் பாய். பத்தமடையில நெய்ததா?" என்றேன்.

"ஒன் வாயில இந்த அரத்தப் போட்டு ராவணும்ணே," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். "நான் மாடு பாக்கப் போறேன்."

மாட்டுங்காவில் கோயில் வாசலில் ஓர் அம்மாள் பசுவைக் கட்டிவைத்துப் புல்கட்டு விற்பாள். கும்பிட வருகிறவர்கள் புல்லை வாங்கி மாட்டுக்கே கொடுப்பார்கள். இசக்கியும் புல்லை வாங்கிக் கொடுத்தாள், மறுபடி வாங்கினாள், மறுபடி கொடுத்தாள். அது தின்கிற நேரமெல்லாம் அதன் நெற்றியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள், போனில் படம் பிடித்தாள். "காய் லேனே ஆயீ ஹை க்யா?" மாடு வாங்க வந்தாயா என்று அந்த அம்மாள் அதட்டினாளாம். மாடு போனை நக்கிவிட்டதாம். இத்தனையையும் இசக்கி ஏணிப்படியில் ஏறும்போதே கத்திக்கொண்டு வந்தாள்.

"அண்ணே! ஒரு முடி மாதிரி இன்னொரு முடி இல்லண்ணே! ஒண்ணு நீளம், ஒண்ணு குட்ட, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்கு! ஆரம்பிக்கயில ஆழமா இருக்கு, முடியயில காத்தோட போயிருது! நான் பல்ல ஒழுங்கா வச்சேன் பாத்தியா, அதாம்ணே தப்பு!"

அன்றைக்கே பல்லைக் குளறுபடி செய்தாள். ஒன்றைத் தேய்த்துக் குட்டையாக்கினாள், இரண்டுக்கு நடுவே இடைவெளியை அகலமாக்கினாள். கூர்மையை மழுக்கி, தோலை வெட்டாமல் அழுத்துகிற மாதிரி வழவழப்பாக்கினாள். நுனி முழுவதையும் தோணியின் அடிப்பக்கம் போல வளைவாக ராவினாள். இப்போது கையைச் சற்றே உருட்டினால் கோடு ஆழமாகத் தொடங்கி, ஒன்றுமில்லாமல் போய் முடியும். ஈரப்பதம்தான் அடுத்த தலைவலி. அதிகமானால் கோடு உப்பி மூடிக்கொள்ளும், குறைந்தால் கீறல் விழும். தோலில் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். பார்வைக்குக் காய்ந்திருந்து கன்னத்துக்குக் குளிர்ந்தால், அதுதான் பதம்.

அன்றைக்கு அவள் இழுத்த முதல் இழுப்பை நான் பார்த்தேன். எருமைத்தோலில் காளை முடி! ஐயோ, அதை எப்படிச் சொல்ல? நான் குனிந்து ஊதிப் பார்த்தேன். ஊதினால் அசையும் என்றே நினைத்துவிட்டேன்.

"என்னண்ணே, பறக்குதா?" என்று சிரித்தாள்.

"வாய மூடிட்டு அடுத்த இழுப்பு இழுட்டி!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நெற்றியில் மாத்திரம் ஒரு சிக்கல். அண்ணாச்சி கொடுத்த படம் உச்சிவெயிலில் எடுத்தது. மயிலைக்காளை ஆயிற்றே, நெற்றி வெறும் வெள்ளைத் திட்டாக இருந்தது, ஒரு முடி தெரியவில்லை. அதனாலென்ன, கோயில் மாட்டின் நெற்றிதான் போனில் இருக்கிறதே என்று அதைப் பார்த்துச் செதுக்கி முடித்தாள். நாங்கள் இரண்டு பேரும் தாராவியில் பிறந்து வளர்ந்தவர்கள். மாடு என்றால் நாலு கால், இரண்டு கொம்பு. அதற்கு மேல் எங்களுக்கு என்ன தெரியும்?

அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்றபடியே, "அடேயப்பா!" என்றார். "காத பாரு! தாடைய பாரு! அப்பிடியே உசுரோட நிக்கானே!" இசக்கி முந்தானையைக் கசக்கிக்கொண்டு சுவரோரம் நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கழுத்து, கன்னம் என்று விரலால் தடவிக்கொண்டே மேலே போனார். நெற்றிக்கு வந்ததும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"தம்பி, இது குடைமேல் குடையால்லா இருக்கு!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே சொன்னார். மாடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது உடம்பில் முடி சுழிக்கிற இடத்தைத்தானாம். நெற்றியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சுழி இருந்தால் அதற்குக் குடைமேல் குடை என்று பெயர், குடும்பத்துக்கே ஆகாது, சும்மா கொடுத்தாலும் தொழுவில் கட்ட மாட்டார்கள்.

"எங்க காளைக்கு ஒத்தச்சுழி. புதுவீட்டுல இத மாட்டுனா வெளங்குமா? எனக்கு வேண்டாம்ப்பா. எந்த மாட்டப் பாத்து இதச் செஞ்சிய?"

"மாட்டுங்கா கோயில் மாடு அண்ணாச்சி. நெத்தி மட்டும்," என்றாள் இசக்கி மெதுவாக.

"மூதி! கூறுகெட்ட மூதி!" என்று நான் தொடங்கினேன். இத்தனை பாடும் நெற்றியில் போய் நாசமாயிற்றே! ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணாச்சி, ரெண்டு சுழியும் நெசமாவே தெரியுதா?"

"தெரியுதாவா? நல்லாக் கேட்ட போ! பளிச்சுன்னு தெரியுது!"

"எந்தப் பக்கம் சுத்துதுன்னு தெரியுதா?"

அவர் மறுபடி குனிந்தார். "மேல உள்ளது வலம். கீழ உள்ளது இடம்."

"ஆமா!" என்று கைகளைத் தட்டிக்கொண்டு குதித்தாள். "ஆமா அண்ணாச்சி, அந்த மாட்டுக்கு அப்பிடியேதான்! அண்ணே, கேட்டியா? பாய்னு சொல்லல, சுழிங்காரு!"

கோபமாக நின்ற மனிதர் என்னைப் பார்த்தார். "நான் வேண்டாங்கேன், இந்தப் பிள்ள குதிக்கி. என்னப்பா இது?" என்று சொல்லிச் சிரித்தேவிட்டார். ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டு, காளையை நிழலில் கட்டி, நெற்றியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். வேறொன்று செய்து வைக்கும்படியும், இதே கைதான் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தால், இசக்கி ஜிப் மிஷினில் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருக்கிறாள்.

"அங்கன என்னட்டி செய்யுத?"

"உருப்படி திரும்பிட்டுல்லா. நீ சொன்ன சொல்லு." முகத்தைப் பார்த்தால் வருத்தமே இல்லை, சிரிப்பை அடக்குகிறாள்.

"எந்திரிட்டி மொதல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் அப்ரார் தன் கடையிலிருந்து ஓடி வந்துவிட்டான்.

எனக்குச் சுழியிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வெறும் எருமைத்தோல், என் தங்கை இழுத்த கோடு, அவ்வளவுதானே என்று அந்தக் காளையைக் கடையிலேயே மாட்ட ஆணியும் அடித்தேன். தூக்கினேன், நெற்றியைப் பார்த்தேன், கை வரவில்லை. இப்போதும் அது சுவரைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறது.

ஜிப் தைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்புங்கள்.