முதுகு காட்டி நின்றவர்கள்

தேவாரம் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் பழம் எடை போடும்போது நெஞ்சை அடைத்துக் கீழே விழுந்தேன். இதயமே நின்றுவிட்டதாம். ஆம்புலன்சில் வந்தவர்கள் ரவிக்கையை வெட்டி, நெஞ்சில் பட்டைகளை ஒட்டி, கரண்ட் வைத்து, ஊசி போட்டு உயிரைத் திருப்பினார்களாம்.

தேனி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எனக்கு உயிர் பெரிதாகப் படவில்லை. வியாபாரிகளும் லாரிக்காரர்களும் நின்ற இடத்தில் அப்படிக் கிடந்தேனே என்பதுதான் பெரிதாக இருந்தது. எங்களிடம் பழம் பறிக்கும் பாண்டியம்மாள் பார்க்க வந்தாள். அவளிடம் சீறினேன்.

“ஏன்டி, ஒரு துணியப் போட்டு மூட ஒருத்திக்கும் தோணலையா? வேடிக்கையா பாத்தீக?”

“ஒடம்பப் பாத்துக்கங்க ஆத்தா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என் மகள் கொதித்துவிட்டாள். “என்னம்மா பேச்சு பேசுற? வண்டி வர்ற வரைக்கும், போன்ல ஆம்புலன்சுக்காரவுக சொல்லச் சொல்ல, உன் நெஞ்ச அமுக்கிக்கிட்டே இருந்தது அந்த அக்காதான். துணியப் போட்டு மூடிட்டு மிசினு வைக்க முடியுமா? அதான் வேலைக்கு வந்த பொம்பளைக அத்தன பேரும் முந்தானைய விரிச்சுப் பிடிச்சு உன்னச் சுத்தி நின்னாக. அவுகளும் உன்னப் பாக்கல. முதுகக் காட்டித்தான் நின்னாக.”

அந்தப் பெண்களுக்கு நான் பேப்பர் கப்பில்தான் டீ கொடுப்பேன். தண்ணீர்ச் செம்பில் வாய் வைக்க விட்டதே இல்லை.

வீடு திரும்பியதும் பாண்டியம்மாளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, என் டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். உதடு படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அப்படிக் குடிக்க அவளைப் பழக்கியது நான்தான். அவள் அமுக்கிய இடம் எனக்கு இன்னும் வலிக்கிறது. வலிக்கும்போதெல்லாம் அந்த டம்ளர்தான் கண் முன்னால் வருகிறது.