மூக்கு நுனியில் இருந்த சொட்டு

பதினெட்டு வருஷமாகக் கபாலிக்குப் பூமிக்கடியில்தான் பிழைப்பு. மின்சாரக் கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஜாயின்டர். அவர் கைபட்ட இணைப்பு ஒன்றுகூட வெடித்ததில்லை என்பதில் மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, உண்மைதானே!

இப்போது கோட்டூர்புரத்தில் வேலை. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் வோல்ட் கேபிள். பள்ளத்தின்மேல் கூடாரம் கட்டி, ஏசி போட்டு, தூசி அண்டாமல் செய்ய வேண்டும். கேபிளின் வெள்ளை உறையைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அதன்மேல் ரப்பர் குழலை இழுத்து மூட வேண்டும். உள்ளே ஒரு பொட்டு ஈரம் தங்கினாலும் என்றைக்காவது வெடிக்கும். அதனால்தான் நெற்றியில் துணிப்பட்டை கட்டாமல் எந்த ஜாயின்டரும் உள்ளே போவதில்லை.

செவ்வாய் மதியம் ஜெனரேட்டர் நின்றுபோனது. ஏசியும் நின்றது. அப்போதே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் நாலு தேய்ப்புதானே என்று கபாலி விடவில்லை. மூக்கு நுனியில் ஒரு வியர்வைச் சொட்டு தொங்குவது தெரிந்தது. கை இரண்டும் வேலையில் இருந்ததால், குழலை இழுத்து மூடிவிட்டுத்தான் மூக்கைத் தொட்டார். சொட்டைக் காணோம்.

எங்கே விழுந்தது? தரையிலா, சட்டையிலா, உள்ளேயா?

பெரும்பாக்கத்து வீட்டில் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், பால்கனிக்குப் போனார், திரும்பினார்.

"இன்னா மாமா, சும்மா சும்மா மூக்கத் தொட்டுக்கினு கீற?" என்றாள் மனைவி அன்புக்கரசி.

விஷயத்தைச் சொன்னார். வெளியே சொன்னால் இணைப்பை அறுத்து எறிவார்கள், ஜாயின்டர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவர் உயிரை எடுத்தது.

காலையில் பொறியாளர் மஹதியிடம் போய் நின்றார்.

"மேடம், உள்ள ஒரு சொட்டு வேர்வ வுழுந்திருக்கும்னு தோணுது."

"பாத்தீங்களா?"

"பாக்கல மேடம். மூக்குல இருந்திச்சி, அப்பால இல்ல."

மஹதி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆசை தீரத் திட்டிவிட்டு, அறுக்கச் சொன்னாள். மூன்று மாதம் கபாலி கூடாரத்துக்குள் நுழையக்கூடாது, ரோட்டில் கொடி பிடித்து வண்டிகளைத் திருப்பிவிட வேண்டும் என்று உத்தரவானது.

அறுத்த துண்டை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை. காய்ந்துபோயிருக்கலாம், விழாமலே இருந்திருக்கலாம்.

"அப்போ சும்மாவா உன் வேல பூட்ச்சி?" ராத்திரி வீட்டில் அன்புக்கரசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"தெர்ல. கொஞ்சம் கொயம்பு ஊத்து."

ஊற்றினாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூட அவர் கை மூக்குப் பக்கம் போகவில்லை.