முள் விழுந்த இடம்

அக்கம்பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் அவருக்கு 'முள்ளு மீட்டர்' என்று பட்டப்பெயர். நாற்பது வருடம் கார் எலெக்ட்ரீஷியன். மின்சாரம் அளக்க எல்லாரும் எண் காட்டும் மீட்டருக்கு மாறிய பிறகும், முள் ஆடும் பழைய மீட்டரை அவர் விடவில்லை. "நம்பரு யோசிச்சு சொல்லும். முள்ளு பட்டுனு சொல்லிடும்" என்பார்.

மனைவி இறந்த பிறகு மிஞ்சியவை ஒரு மாடி அறையும் பழைய காரும். சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். போக ஓர் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் ஓட்டும் வேகத்துக்கு சைக்கிள்காரன்கூட டாட்டா காட்டிவிட்டுப் போவான்.

ஒரு நாள் சிக்னலில் வண்டி திணறி, சட்டென்று துள்ளி, முன்னால் நின்ற வேனை இடித்தது. வெளியூரிலிருந்து மகள் வந்தாள். கார் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். காரின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைக் காட்டும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தாள். ஒரு பழுதும் பதிவாகியிருக்கவில்லை.

"வண்டியில ஒண்ணும் இல்லப்பா. உங்க கால்தான் நடுங்குது."

"த்ராட்டில் சென்சாரா இருக்கும்மா. முள்ளு வெச்சுப் பாத்துடலாம்."

"ஸ்கேனரே ஒண்ணுமில்லேங்குது, உங்க முள்ளு வந்து என்ன கிழிக்கப்போகுது?"

அவர் சிரித்தார். "என்ஜினியரம்மா தீர்ப்பு சொல்லியாச்சு, அப்பீல் ஏது?" என்று சாவியை நீட்டினார்.

சாவி இல்லாமலும் அந்த சென்சாருக்கு மின்சாரம் கொடுக்க அவருக்குத் தெரியும். கொடுத்துப் பார்க்கவில்லை. மகள் சொன்னதை நம்பிவிட்டார். கேட்டவர்களிடமெல்லாம் "கால் போச்சுப்பா" என்றார். மாடியை விட்டு இறங்குவது குறைந்தது. எட்டாவது மாதம் இறந்துபோனார்.

காரை விற்க மகள் வந்தாள். ஓட்டிப் பார்த்த புரோக்கர் தெருமுனையிலிருந்தே திரும்பிவிட்டார். "லேசா கால் வெச்சா வண்டி வெட்டி வெட்டி இழுக்குதே மேடம்?"

புரோக்கர் போனதும் அவள் அப்பாவின் முள் மீட்டரை எடுத்தாள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜினுக்குக் காற்று போகும் வழியில் ஒரு தகடு திறக்கும். எவ்வளவு திறந்தது என்று சொல்வது அந்த சென்சார். உள்ளே ஒரு கரிப் பட்டை, அதன்மேல் உரசி நகரும் மெல்லிய உலோக விரல். மூடியிருந்தால் அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் நாலரை. அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது.

மீட்டரை சென்சாரில் இணைத்து, சாவியைத் திருப்பி, என்ஜினை ஓடவிடாமல், தகட்டைக் கையால் மெல்லத் திறந்தாள். முள் ஏறியது. ஒரு வோல்ட்டைத் தாண்டியதும் பொத்தென்று விழுந்து, மறுபடி எழுந்தது.

நாலு தடவை செய்தாள். நாலு தடவையும் அதே இடம். மெதுவாக ஓட்டுகிற கால் வருஷக்கணக்கில் நிற்கும் இடம். பட்டை அங்கேதான் தேய்ந்திருந்தது. இவ்வளவு சின்ன விழுதலைக் கம்ப்யூட்டர் பழுதாகப் பதியாது. பரீட்சையில் அவளே எழுதிய பதில் அது.

வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அப்பா கால் நல்லாத்தான் இருந்திருக்கு. சென்சார்தான்."

"இப்ப தெரிஞ்சு என்னடி பண்றது?" பிறகு அவனே கேட்டான்: "மாத்த எவ்ளோ நேரமாகும்?"

"ரெண்டு ஸ்க்ரூ. பத்து நிமிஷம்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.