கோட்டையடியில் ஒரு கழிப்பறைக் குழி

திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் யார் மண்ணைத் தோண்டினாலும் தொல்லியல் துறை ஆள் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். அன்று நின்றது நான்.

பாறை குடித்த வெயிலையெல்லாம் தெருவுக்குள் உமிழ்ந்துகொண்டிருந்த பகல். மேரியக்கா வீட்டுப் பின்புறம் கழிப்பறைக்குக் குழி வெட்டினார்கள். அவர் கணவருக்குப் பக்கவாதம். தெருக்கோடியிலிருக்கும் பொதுக் கழிப்பறைக்கு அவரைத் தோளில் சாய்த்து நடத்திப் போவதே அக்காவுக்குப் பெரும்பாடு.

முழங்கால் ஆழத்தில் அகலமான பழைய செங்கற்கள் வரிசையாகத் தெரிந்தன. "நிறுத்துங்க" என்றேன்.

கொத்தனார் சிரித்தார். "ஏன் சார், அந்தக் காலத்து ராசாவுக்கும் அவசரம்னு ஒன்னு வந்திருக்கும்ல?"

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். தான் வந்து பார்க்கும்வரை தொடக்கூடாதாம். எப்போது வருவார்? பிறகு சொல்வாராம். வேலையை நிறுத்த எனக்கு அதிகாரம் உண்டு. தொடரச் சொல்ல இல்லை.

"அம்புட்டுத்தானா சார்? வேற எடமும் இல்லையே" என்றார் அக்கா.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்கா அடுப்புக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்து குழியின்மேல் விரித்தார்.

"அக்கா, அடுப்பு நனையுமே!"

"இதுக்காகத்தான நிறுத்துனீக? இதாவது கரையாம இருக்கட்டும். அந்த முனையப் பிடிங்க."

கல் வைத்தும் காற்று தூக்கியது. பிடித்துக்கொண்டே நின்றேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கணவர் கூப்பிட்டார். அக்கா அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரே குடையில், தெருக்கோடியை நோக்கி நடந்தார். தார்ப்பாயை விடவும் முடியாமல், அவர்களுக்குத் தோள் கொடுக்கவும் முடியாமல் நான் நனைந்தேன்.

இப்போதும் மழை வந்தால் என் கைகள் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன.