கத்தக் கூடாத வீடு

கோழிச்சாறு கலந்த குழைந்த சோற்றின் கடைசிக் கரண்டியை நாய்க்குட்டி நக்கி முடித்ததும் ஊசியக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் எட்டு நிமிடம். ஒன்பதாவது நிமிடத்தில் அதன் மூக்கு தரையை முகரத் தொடங்கும். பத்தாவது நிமிடத்தில் அது ஒரு வட்டம் போடும். அந்த வட்டம் முடிவதற்குள் இரண்டு கையாலும் அள்ளி, சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பால்கனிக்கு ஓட வேண்டும். அங்கே ஒரு பிளாஸ்டிக் தட்டில் பழைய போர்வைத் துண்டு விரித்திருக்கிறது. அதன்மேல் இறக்கிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "போ. போய்த் தொலை. எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்கிறார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. குரலோ தொட்டில் ஆட்டுகிற குரல்.

இந்தக் குரல் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுக்கிறார். காலை ஆறரைக்கே ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே நுழையும்போதே ஊசியக்கா அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுவார். "டீ குடிச்சுட்டு வந்து வெறும் வயிறுங்கிறீங்களே, யாரை ஏமாத்துறீங்க? என்னையா, உங்க சர்க்கரையையா?" பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி என்ற பேதமெல்லாம் அவர் வாய்க்குக் கிடையாது. ஆனால் கை பூ மாதிரி. ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. அதனால் போன தடவை திட்டு வாங்கியவர்களே இந்தத் தடவையும், "ஊசியக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். இல்லையென்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போகிறார்கள்.

கல்யாணம் என்று ஒன்று நடந்தது. மூன்றாவது வருடம் அவரே அதை முடித்துக்கொண்டார். காரணம் கேட்டால், "ரெண்டு பேரும் கத்துற வீட்டுல கேக்குறதுக்கு ஆள் வேணாமா?" என்பார். அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் தனி வீடு, தனிக் குடித்தனம். தரையில் ஒரு தலைமுடி கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

நாய் அவருக்கு ஆகாது. ஆகாத ஒன்று வீட்டுக்குள் வந்தது ஒரு போன் அழைப்பால். கால்நடை மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். உங்கள் தம்பி ஒரு குட்டியைக் கொண்டுவந்து சேர்த்தார், இரண்டு நாளாகப் போனை எடுக்கவில்லை, படிவத்தில் இரண்டாவது எண்ணாக உங்களுடையதுதான் இருக்கிறது என்றார்கள். தம்பி தன் மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய குட்டி அது. தடுப்பூசி போட்டாயிற்று என்று விற்றவன் சொன்னதை அப்படியே நம்பி வாங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்த ஏழாம் நாள் வாந்தி. எட்டாம் நாள் ரத்தமாகப் போனது. பார்வோ என்றார் டாக்டர். குட்டிகளின் குடலை அரிக்கிற நோய், வைத்தியம் பார்க்காமல் விட்டால் பிழைப்பது அபூர்வம்.

தன்னைக் கேட்காமல் தன் எண்ணை எழுதிக் கொடுத்ததற்கு அங்கே யாரையாவது ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாம் என்றுதான் அன்று பகல் போனார். மேசைமேல் ஒரு ஈரத்துணி மாதிரி குட்டி கிடந்தது. உதவியாளர் குளுக்கோஸ் ஏற்ற அதன் முன்னங்காலில் நான்காவது தடவையாக நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று இடத்தில் குத்திய புள்ளி தெரிந்தது. திட்ட வந்த வாய் வேறு பக்கம் திரும்பியது. "தள்ளுங்க. உடம்புல தண்ணியே இல்ல, நரம்பு எங்கேருந்து தெரியும்? காலைச் சூடு பண்ணாம குத்திக்கிட்டே இருந்தா?" என்று அந்தக் காலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து விரல்நுனியால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டர் அங்கே ஊசியை வைத்தார். ஏறியது.

அதற்கப்புறம் ஆறு நாள் வேலை முடிந்து நேராக அங்கேதான் போனார். நாளுக்கு ஒருமுறை தம்பியைக் கூப்பிட்டார். ஒரே ஒரு நாள் எடுத்தான். வீட்டையே நாறடித்துவிட்டது, கம்பளத்தைத் தூக்கி வீசிவிட்டேன், மகள் அழுகிறாள், என்னால் இனி முடியாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "பொழச்சா சொல்லுக்கா" என்று வைத்துவிட்டான். பொழச்சா சொல்லு. அந்த இரண்டு சொல்லை ஊசியக்கா இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

குட்டி பிழைத்தது. யாரிடமும் சொல்லாமல் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெயர் வைக்கவில்லை. டாக்டர் கேட்டதற்கு, "கூப்பிட்டா வந்துடப் போகுதா?" என்றார்.

கொண்டுவந்த பிறகுதான் உண்மையான போராட்டம். அதன் கழிவில் இன்னும் கிருமி இருக்கும், தெருக்குட்டிகளுக்குத் தொற்றும், ஒரு மாதத்துக்காவது வெளியே தரையில் விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே எல்லாப் பழக்கமும் இந்த ஒன்றரை அறைக்குள்ளேதான். அதன் குடலோ இன்னும் அதன் பேச்சைக் கேட்கவில்லை. நின்றால் போகும், தூங்கினால் போகும், தும்மினால் போகும். ஊசியக்கா பிளீச்சிங் கரைசலை வாளியில் கலந்து வைத்துக்கொண்டு, முழங்கால் தேயத் தேயத் துடைத்தார். நிலையத்தில் தேநீர் இடைவேளை விட்டதும் ஓடிவந்து துடைத்தார். துடைக்கத் துடைக்க விற்றவனைத் திட்டினார், தம்பியைத் திட்டினார், எண்ணை எழுதி வைத்த படிவத்தைத் திட்டினார்.

ஊர் உலகம் செய்கிறபடி முதலில் செய்தித்தாளைத்தான் விரித்தார். குட்டி அதன் அருகிலேயே போகவில்லை. தூக்கி வைத்தால் நாலு காலும் விறைக்கச் சுவரோரம் பின்வாங்கியது. மைவாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். ஒருநாள் காலை கரப்பான் ஒன்று ஓடியது. கையிலிருந்த தாளைச் சுருட்டி ஓங்கினார். அறையின் மறுகோடியிலிருந்த குட்டி, அடிபட்ட மாதிரியே அலறிற்று. அலறிக்கொண்டே நின்ற இடத்தில் நனைத்துவிட்டது.

ஊசியக்கா ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். கரப்பான் தப்பியது. சுருட்டிய தாளையும் குட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தமாகப் போய்க்கொண்டிருந்த இரண்டு மாதக் குட்டியை, தரையை அசிங்கம் செய்தது என்று, எவனோ இப்படித் தாளைச் சுருட்டி வெளுத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ? அன்றைக்கே பேப்பர் போடுகிறவரிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அலமாரியிலிருந்து போர்வையை எடுத்துக் கிழித்தார். நாலு துண்டு போதும், கோபத்தில் பதினான்கு துண்டு கிழித்துவிட்டார்.

ஆனால் அடுத்த வாரம் அவரே ஒரு காரியம் செய்தார். வேலை முடிந்து களைத்து வந்தால், வீட்டில் நாற்றம் இருக்கிறது, இடம் தெரியவில்லை. கட்டிலடியில் இல்லை, கதவு மூலையில் இல்லை. கடைசியில் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே குட்டி படுத்திருந்தது. எழுப்பினால் எழவில்லை. இழுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, போனதை மறைப்பதற்காக அதன்மேலேயே படுத்திருக்கிறது. வயிறு, கால், வால் எல்லாம் பூசியிருந்தது. அவருக்கு உச்சந்தலைவரை ஏறியது. கத்தினார். அந்தச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.

குட்டி ஓடவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அடுத்தது விழட்டும் என்று காத்திருந்தது.

அந்த அறையில் அடங்கிய சத்தம் தன்னுடையது என்பதே அவருக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அது அப்பாவின் குரல். சாப்பாட்டுத் தட்டு தெறிக்கும் முன்பு அந்த வீட்டில் கேட்கிற குரல். அக்காவும் தம்பியும் கட்டிலடியில் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு கேட்ட குரல். சொத்து என்று அப்பா வேறொன்றும் விட்டுப் போகவில்லை. இதை மட்டும் இரண்டு பேருக்கும் குறைவில்லாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார், அதையும் சண்டைக்குப் போகிற தோரணையில்தான் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கத்தினா, இங்க போனது தப்புன்னு அதுக்குப் புரியாது. போறதே தப்புன்னு நினைச்சுக்கும். அடக்கி வைக்கும், ஒளிச்சு வைக்கும். இப்பத்தான் ஆறுற குடல், தாங்காது" என்றார். சரியான இடத்தில் போனால் உடனே கொஞ்சச் சொன்னார். எனக்குக் கொஞ்ச வராது என்றார் ஊசியக்கா. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், நாய்க்கு அர்த்தம் தெரியாது, ராகம்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அந்த ஒரு வரியை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குட்டி போர்வைத் துண்டில் நனைத்ததும் குனிந்து, அதன் காதருகே, தேன் ஒழுகும் குரலில் தொடங்குவார். "உன்னை வித்தானே, அந்தப் பாவி உருப்படுவானா? உருப்படவே மாட்டான்டி, தங்கம். உன்னை அடிச்சானே ஒருத்தன், அவன் கையில கொள்ளி வைக்க, என் கண்ணு." குட்டி வாலை ஆட்டும். அவர் இன்னும் இரண்டு வசவைச் சேர்த்துக்கொள்வார். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர், அக்கா நாய்க்குத் தாலாட்டுப் பாடுகிறார் என்று ஆசையாக ஜன்னலோரம் வந்து நின்றார். இரண்டு வரி காதில் விழுந்ததும், உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்ததால், ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டில் செலவாகாத சத்தம் எங்காவது செலவாக வேண்டுமே. குடியிருப்புச் செயலாளர் படியேறி வந்து, நாய் வாடை வருகிறதென்று நாலு பேர் சொல்கிறார்கள் என்றார். ஊசியக்கா விரலை உதட்டில் வைத்து, வாருங்கள் என்று சைகை காட்டி, அவரைத் தரைத்தளம்வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே, குட்டிக்குக் கேட்காத தூரத்தில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் என்னென்ன நாறுகிறது என்று விலாவாரியாகச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார். செயலாளர் அதற்கப்புறம் மூன்றாம் மாடிக்கு வருவதில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில், குட்டி தானாக எழுந்து போய், பால்கனிக் கதவருகே நின்று, அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். நுரையோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அது துண்டின்மேல் ஏறி, வட்டம் போட்டு, உட்கார்ந்து, கெட்டியாகவே போனது. திட்டுவதற்கு ஆள் தேடினார், அன்றைக்கு யாரும் அகப்படவில்லை. வாய் நிறைய நுரையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது பத்துக்கு ஏழு தடவை தானாகப் போகிறது. மிச்சம் மூன்றுக்குத்தான் கடிகாரம்.

போன ஞாயிறு மத்தியானம் தம்பி வந்தான். மகளும் கூட வந்தாள், பத்து வயது. கையில் சிவப்புக் கழுத்துப் பட்டை, புதுசு. "நல்லாயிடுச்சாமே, பழகிடுச்சாமே, ஆஸ்பத்திரில சொன்னாங்க" என்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு சொன்னான். பாப்பாவுக்கு வாங்கினது, பாப்பா ஏங்கிப் போய்விட்டாள், கொண்டுபோகலாம் என்று வந்தோம் என்றான்.

அந்தக் குரல் கேட்டதுமே குட்டி கட்டிலடிக்குப் போய்விட்டது. சற்று நேரத்தில் அங்கிருந்து ஈரம் ஒரு கோடாக வெளியே வழிந்து வந்தது.

"ஏய்" என்று தம்பி கையை ஓங்கித் தட்டினான். பழக்க தோஷம், யோசித்துச் செய்ததல்ல. கட்டிலடியில் குட்டி தரையோடு ஒட்டிக்கொண்டது. கட்டிலுக்கு இந்தப் பக்கம், சிறுமியின் இரண்டு தோளும் காதுவரை ஏறின. கண் இறுக மூடிக்கொண்டது.

ஊசியக்கா இரண்டையும் பார்த்தார். ஆறு வாரமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் நெஞ்சுக்குள் திரண்டு தொண்டைவரை வந்தது. ஆனால் வெளியே வந்தது, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரல்.

"பேப்பரைச் சுருட்டி அடிச்சியா?"

எல்லோரும் அப்படித்தான் பழக்குவார்கள், இல்லாவிட்டால் எப்படிப் புரியும் என்றான் தம்பி.

"ரத்தமா போய்க்கிட்டிருந்துச்சுடா அது. சாகக் கிடந்த ஜீவனை அடிச்சிருக்கே. நம்மளை அப்பா அப்படி அடிச்சப்ப நமக்கு என்னடா புரிஞ்சுது?"

அவன் மகளின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தான்.

"அது எங்கயும் வராது. பாப்பா இங்க வரட்டும், எப்ப வேணா வரட்டும். நீ இந்த வீட்டுக்குள்ள வந்தா மெதுவாப் பேசு, இல்லேன்னா கீழே நின்னு பேசு."

அதற்குள் சிறுமி வாளியருகே கிடந்த துணியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். யாரும் சொல்லாமலே, யாரையும் பார்க்காமலே, துடைக்கக் குனிந்தாள். அத்தை அவள் கையிலிருந்து துணியை வாங்கி, தம்பிக்கு நேராக நீட்டினார். அவன் துணியைப் பார்த்தான், தன் இஸ்திரி போட்ட கால்சட்டையைப் பார்த்தான். நீட்டிய கை இறங்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டு, முழங்காலைத் தரையில் ஊன்றி, வெளியே வழிந்திருந்த ஈரத்தைத் துடைத்தான். ஆயிற்று என்று எழப் போனான்.

ஊசியக்கா சுட்டுவிரலால் கட்டிலுக்கு அடியில், உள்ளே, இன்னும் உள்ளே என்று காட்டினார்.