பிள்ளையாருக்குப் பின்னால் ஒளித்த இஞ்சின்

கனடாவில், அஜக்ஸில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. கேட்பவர்களிடம் பூச்சி அரித்தது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அவை அப்பா அடித்த ஆணிகளின் ஓட்டைகள்.

அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊரான ரூஜில் வீடு வாங்கிய புதிதில், விருந்தினருக்கென்று வாங்கி, பிளாஸ்ரிக் விரிப்புப் போட்டு மூடி வைத்திருந்த மேசை அது. எனக்கு எட்டு வயதானபோது அதன்மேல் தம்பியின் ரயில் ஏறிக்கொண்டது. யாரோ வீட்டு வாசலில் வைத்து விற்ற பழைய மின்சார ரயிலை அப்பா வாங்கிவந்து, தண்டவாளத்தை மேசையோடு சேர்த்து அடித்துவிட்டார். அம்மா தானே விரிப்பைச் சுருட்டி எடுத்துக் கொடுத்தார். அதே மேசையில் நான் ஒருமுறை மை சிந்தியதற்கு இரண்டு நாள் ஏச்சு வாங்கியிருந்தேன்.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. பேச்சு வந்திருக்கவில்லை. யாரையும் கையைப் பிடிக்க விடமாட்டான். கடைக்குப் போனால் அம்மா அவனுடைய ஜாக்கெற்றின் தொப்பியைப் பிடித்துக்கொண்டே நடப்பார். ரயில் ஓடத் தொடங்கினால் மட்டும் அதன் கூடவே மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பான். அப்பாவுக்குக் கிடைத்த ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. மாம்பழப் பெட்டி அட்டையில் குகை செய்தார், தேயிலைப் பெட்டியில் ஸ்ரேசன் கட்டினார். நான் பக்கத்தில் போனால், "நீ பெரிய பிள்ளையெல்லே, அவன் விளையாடட்டும்" என்பார். எனக்கு வந்தது பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் இல்லை.

அந்தப் பனிக்காலத்தில் தமிழ் வகுப்புப் பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. பளபளக்கும் கோப்பையோடு வீட்டுக்குள் ஓடிவந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"பாருங்கோ, என்ன வடிவான தண்ணித் தாங்கி! அக்கான்ரை கப்பும் ரெயினோடை நிக்கட்டும்."

அவர் எனக்குப் பெருமை செய்வதாகத்தான் நினைத்தார்.

அன்றே இஞ்சினை எடுத்து ஒளித்தேன். எங்கள் சுவாமியறை என்பது சுவரோடு கட்டிய ஓர் உடுப்பு அலமாரிதான். கதவைத் திறந்தால் பிள்ளையார் படம். அந்தப் படத்துக்குப் பின்னால் இஞ்சின் சரியாக அடங்கியது.

வீடு தலைகீழானது. அப்பா சோபாவைக்கூடப் புரட்டிப் பார்த்தார். தம்பி அழவில்லை, வெறும் தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றான். அம்மா விளக்கேற்றி, படத்துக்கு நேரே கைகூப்பினார்.

"பிள்ளையாரே, அந்த இஞ்சினைக் காட்டித் தா. வெள்ளிக்கிழமை உனக்கொரு தேங்காய் உடைக்கிறன்."

அம்மாவுக்கும் இஞ்சினுக்கும் நடுவில் பிள்ளையார் மட்டுமே இருந்தார். நல்ல மனுசன், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பள்ளி விட்டு வந்து மேசையருகே நின்றேன். தம்பி வந்தான். என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சுண்டுவிரலைத் தொட்டான். பிறகு முழுக் கையையும் பிடித்துக்கொண்டான். என்னை முன்னால் நடக்கவிட்டு, தான் பெட்டியாகப் பின்னால் வந்து மேசையைச் சுற்றினான். நான் நின்றால் முதுகில் தள்ளினான். கோப்பை தண்ணீர்த் தாங்கியானது போதாதென்று, இப்போது நானே இஞ்சினாகிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

"அம்மா, இவன்ரை கையை எடுக்கச் சொல்லுங்கோ!"

அம்மா மாவுக் கையோடு குசினி வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுக்காதை பிள்ளை. உனக்குக் கோடி புண்ணியம், கையை எடுக்காதை. சுத்து."

அப்பாவையும் கூப்பிட்டார். இருவரும் வாசலில் நின்று அழுதார்கள். ஓர் இஞ்சின் தொலைந்ததற்கு இவ்வளவு அழுகையா என்று எனக்குப் பயமாகப் போயிற்று. களவு வெளிப்பட்டால் என்னை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கார்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த தொட்டியில், ஒரு தேங்காய் நேர்ந்த அம்மா பதினொரு தேங்காய்களை உடைத்தார். சில்லுகள் பனியில் சிதறின. எனக்குப் பொறுக்கவில்லை. தம்பியின் இஞ்சினுக்குப் பதினொன்றா? என் கோப்பைக்கு ஒன்றுகூட இல்லையே!

அதைவிட இன்னொன்று என்னைக் குழப்பியது. இஞ்சின் அப்போதும் பிள்ளையாருக்குப் பின்னால்தான் கிடந்தது. அது கிடைக்கும் முன்பே அம்மா ஏன் இப்படி அவசரப்பட்டார் என்று, தம்பியின் பிடியில் வியர்த்துப்போன கையோடு, வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.